ஃபிளாரன்ஸிலிருந்து ஒரு நாள் பேருந்துச் சுற்றுலா: எந்தப் பக்கம் போகலாம்?

கூழாங்கல் எழுதியது:

வணக்கம். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த நாங்கள் நால்வர், பதினாறு வருடம் கழித்து ஒன்றாகச் சேரப் போகிறோம். ஒருத்தி மியூனிக்கில், ஒருத்தி பர்மிங்காமில், ஒருத்தி தோஹாவில், நான் கோவையில். மே மூன்றாவது வாரம், இத்தாலியின் ஃபிளாரன்ஸில் ஐந்து நாள். அதில் ஒரு நாளை அந்த நகரைச் சுற்றியுள்ள டஸ்கனி வட்டாரத்தின் கிராமப்புறத்துக்கு என்று ஒதுக்கியிருக்கிறோம்.

அந்த ஊர்ச் சாலைகளில் கார் ஓட்ட எங்களில் யாருக்கும் துணிச்சல் இல்லை. அதனால் கைடு கூடவே வரும் பேருந்துச் சுற்றுலாதான். தேடியதில் இரண்டு விதம் கிடைத்தது. ஒன்று சியெனா, சான் ஜிமின்யானோ, பீசா, நடுவில் கியாந்தி திராட்சைத் தோட்டத்தில் மதியச் சாப்பாடு. இன்னொன்று தெற்கே வால் டோர்ச்சா பள்ளத்தாக்கு. அதில் மொன்டேபுல்ச்சானோ, பியென்ஸா என்று இரண்டே ஊர். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இருவர் சைவம். ஒருத்திக்குப் போன வருடம் முழங்காலில் அறுவை சிகிச்சை. ஒயின் குடிப்பது ஒருத்தி மட்டும். போய் வந்தவர்கள் சொல்லுங்கள், எதை எடுக்கலாம்?

---

பொலோஞ்ஞா வாசி எழுதியது:

நான் இங்கே பக்கத்தில்தான் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் இந்தக் கேள்வி வரும், இரண்டிலும் போயிருக்கிறேன். முதலில் நேரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

காலை 8 மணிக்குக் கிளம்பி இரவு 8 மணிக்குத் திரும்புவதாக வைத்துக்கொள்வோம், மொத்தம் 12 மணி நேரம். ஃபிளாரன்ஸிலிருந்து சியெனா ஒன்றேகால் மணி. அங்கிருந்து சான் ஜிமின்யானோ முக்கால் மணியிலிருந்து ஒரு மணி. அங்கிருந்து பீசா ஒன்றரை மணி. பீசாவிலிருந்து ஃபிளாரன்ஸ் மறுபடி ஒன்றேகால். சாலைக்கே ஐந்து மணி நேரம் போய்விட்டது. தோட்டத்துச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி எடுத்துவிடுங்கள். மிச்சம் ஐந்தரை.

இதில் சுற்றுலா அட்டவணையில் எழுதாத ஒன்று இருக்கிறது. பெரிய பேருந்து எந்தப் பழைய ஊருக்குள்ளும் போகாது. மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போய் நடந்து வர வேண்டும். ஓர் ஊருக்குப் போக வர அரை மணி என்றால் மூன்று ஊருக்கு ஒன்றரை மணி. ஐம்பது பேர் இறங்கியதும் கழிப்பறை வரிசை வேறு. கடைசியில் சியெனாவைப் பார்க்க ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம். பந்தியில் உட்கார்ந்து, பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்த கதைதான். சியெனா பேராலயத்தின் தரையில் மட்டும் 56 பளிங்குச் சித்திரங்கள் இருக்கின்றன.

அதனால் என் ஓட்டு வால் டோர்ச்சாவுக்கு. போகும்போது இரண்டு மணி நேரம் பேருந்தில் இருப்பீர்கள், உண்மை. ஆனால் அதில் பாதி தூரத்துக்கு மேல் நெடுஞ்சாலை. அதைவிட்டு இறங்கிய பிறகு வருவதுதான் நீங்கள் பார்க்க வந்தது. அங்கே இரண்டு ஊர்களுக்கு நடுவே இருக்கும் சாலையே மூன்றாவது ஊர் மாதிரி. தூங்கிவிடாதீர்கள்.

---

பச்சைக்கிளி எழுதியது:

மேலே சொன்ன கணக்கு சரி, முடிவில் எனக்கு உடன்பாடில்லை. நானும் என் மனைவியும் அந்த நான்கு இடச் சுற்றுலாவில்தான் போனோம். பணி ஓய்வுக்குப் பிறகு, வாழ்க்கையில் ஒரே முறை இத்தாலி. மறுபடி வரப்போவதில்லை என்று தெரிந்தே போகிறவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நாலு இடம் பார்ப்பதில் தவறே இல்லை.

சான் ஜிமின்யானோ கோபுரங்கள் தூரத்திலிருந்து தெரிந்த அந்த வளைவு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டுக் கட்டியவை. ஒரு காலத்தில் 72 இருந்தன என்று கைடு சொன்னார், இன்று நிற்பவை 14. 1348இல் வந்த கொள்ளைநோய்க்குப் பிறகு ஊர் நொடித்துப்போய் ஃபிளாரன்ஸின் கைக்குப் போய்விட்டது. பழையதை இடித்துப் புதிதாகக் கட்டப் பணம் இல்லை. அதனாலேயே நமக்கு மிஞ்சியிருக்கிறது என்றார். ஊர் வறுமைப்பட்டதால் கல் பிழைத்தது. அதைக் கேட்டு என் மனைவி கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

பீசாவும் அப்படித்தான். படத்தில் ஆயிரம் முறை பார்த்திருக்கலாம். நேரில் அந்தப் புல்வெளியில் வெள்ளை வெளேரென்று நான்கு கட்டடங்கள் நிற்பதைப் பார்க்கும்போது அது வேறு.

---

ஜன்னலோரம் எழுதியது:

பச்சைக்கிளி ஐயா, பீசாவின் அழகில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பீசாவுக்குப் பேருந்துச் சுற்றுலா தேவையில்லை. ஃபிளாரன்ஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரம். அரை நாளில் போய்விட்டு மாலைக்குள் அறைக்கு வந்துவிடலாம். கோபுரம் ஏற வேண்டுமென்றால் நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே வாங்கிவிடுங்கள். கீழே வடக்குப் பக்கத்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சாய்வைக் குறைத்து, 1990இல் மூடியதை 2001இல் திறந்தார்கள். இப்போது தைரியமாக ஏறலாம்.

சியெனாவுக்கும் அப்படியே. ஃபிளாரன்ஸிலிருந்து 131ஆர் என்ற விரைவுப் பேருந்து போகிறது. சான் ஜிமின்யானோவுக்கு போஜிபோன்சியில் பேருந்து மாற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வண்டி குறைவு, பார்த்துக்கொள்ளுங்கள். காகித டிக்கெட் வாங்கினால் வண்டியில் ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள். டிக்கெட் கையில் இருந்தும் முத்திரை இல்லாததால் நான் அபராதம் கட்டியிருக்கிறேன்.

நானே போக முடிந்த இடத்துக்கு நானே போவேன். போக முடியாத இடத்துக்குத்தான் சுற்றுலாவுக்குப் பணம் கொடுப்பேன். பியென்ஸாவும் மொன்டேபுல்ச்சானோவும் ஒரே நாளில், கார் இல்லாமல், பொதுப் பேருந்தை நம்பி என்றால் மிகவும் கஷ்டம். அங்கே கைடும் பேருந்தும் கொடுத்த காசுக்குத் தகும்.

---

உப்புமூட்டை எழுதியது:

சைவத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே!

டஸ்கனி நமக்கு நல்ல இடம். ரிபொல்லிதா என்று ஒன்று: முந்தின நாள் ரொட்டி, வெள்ளை பீன்ஸ், கருநிறக் கோஸ் கீரை எல்லாம் போட்டுக் கெட்டியாகக் கொதிக்க வைத்தது. பாப்பா அல் பொமொதோரோ, தக்காளியில் ரொட்டி ஊறிக் குழைந்தது. பீச்சி என்று கையால் உருட்டிய தடித்த நூடுல்ஸ், பூண்டுத் தக்காளிச் சாற்றோடு வரும். எல்லாமே ஏழை வீட்டுச் சமையல், மாமிசம் இல்லாமல் பிறந்தவை. ஆனால் ரிபொல்லிதாவில் பன்றிக்கொழுப்புத் துண்டு போடும் வீடுகளும் உண்டு. முன்பதிவின்போதே எழுதிக் கேளுங்கள், அன்று காலை கைடிடம் மறுபடி ஞாபகப்படுத்துங்கள்.

அடுத்து, சீஸ். பெக்கொரினோ செய்யும்போது பாலை உறைய வைப்பது பெரும்பாலும் ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்ததை வைத்து. கண்டிப்பான சைவம் என்றால் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. முள்செடிப் பூவை வைத்து உறையவைக்கும் வகையும் அந்தப் பக்கம் கிடைக்கும், கடையில் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.

அப்புறம் ரொட்டி. டஸ்கனி ரொட்டியில் உப்பே இருக்காது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வளர்ந்த நமக்கு முதல் வாய் ஏமாற்றமாக இருக்கும். அதைத் தனியாகச் சாப்பிடக் கூடாது. உப்பான பெக்கொரினோவை வைத்தோ, பச்சை ஆலிவ் எண்ணெயில் தோய்த்தோ சாப்பிட்டால், ரொட்டி ஏன் அப்படி இருக்கிறது என்று நாக்குக்கே புரிந்துவிடும். நம் வெறும் சோறு மாதிரி அது. குழம்புக்காகக் காத்திருப்பது.

---

வரப்போரம் எழுதியது:

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். ஊர்களைப் பற்றியே பேசுகிறோம், வயலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கூழாங்கல் கேட்டது கிராமப்புறத்தைத்தானே?

நான் விவசாயக் குடும்பம். என் தாத்தா கடைசிவரை பிறர் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் ஒரு பங்குக்கு, உழுதவர். ஐந்து வருடம் முன்பு வால் டோர்ச்சா போனபோது, குன்றுக்கு ஒன்றாக நிற்கும் அந்தக் கல்வீடுகளைப் பார்த்து, ஏன் எல்லாம் தனித்தனியாக, ஊராகச் சேராமல் நிற்கின்றன என்று கைடிடம் கேட்டேன். அவர் சொன்ன சொல் மெட்சாத்ரியா. பாதிப் பங்கு என்று பொருள். நிலம் ஆண்டையுடையது, உழைப்பு குடியானவனுடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. நம் வாரம்தான்! பல நூற்றாண்டு அப்படி நடந்திருக்கிறது. ஒவ்வொரு பண்ணைக்கும் நடுவே ஒரு வீடு, குடியானவன் குடும்பத்தோடு அங்கேயே இருந்தாக வேண்டும். கோதுமை, திராட்சை, ஆலிவ், ஆடு எல்லாம் ஒரே பண்ணையில், ஏனென்றால் அந்தக் குடும்பத்தின் சாப்பாடே அதிலிருந்துதான் வர வேண்டும். நாம் இன்று படமெடுக்கும் அந்தக் கலந்த நிறங்களில் பாதி, அந்த ஒப்பந்தம் போட்ட கோலம்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போனார்கள், வீடுகள் காலியாயின. 1964இல் புதிதாக இப்படி ஒப்பந்தம் போடக் கூடாது என்று சட்டம் வந்தது. காலியான வீடுகளில் பல இன்று விருந்தினர் தங்கும் பண்ணை வீடுகள். சைப்ரஸ் மரவரிசையைப் பார்க்கும்போது, அதன் கடைசியில் இருக்கும் வீட்டையும் பாருங்கள். அதில் யார் இருந்தார்கள் என்று ஒரு நிமிடம் நினையுங்கள்.

இன்னொன்று. சியெனா நகரமண்டபத்தில் அம்ப்ரோஜோ லொரென்செத்தி 1338, 1339 வாக்கில் தீட்டிய சுவரோவியம் இருக்கிறது. நல்லாட்சி நடந்தால் நகரமும் நாட்டுப்புறமும் எப்படி இருக்கும் என்று காட்டுவது. கதிரடிக்கிறார்கள், கழுதையில் மூட்டை ஏற்றி நகர வாசலுக்குப் போகிறார்கள், குன்றெல்லாம் கொடித்தோட்டம். வால் டோர்ச்சாவை அந்தக் காலத்துச் சியெனாக்காரர்கள் அந்தக் கனவின்படியே திருத்தி அமைத்தார்கள் என்பதுதான் 2004இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கு ஒரு காரணம். வேறொரு நாளில் சியெனா போனால் இதை விட்டுவிடாதீர்கள். நான் விட்டுவிட்டேன், இன்னும் மனசு ஆறவில்லை.

---

மழைக்குருவி எழுதியது:

வரப்போரம் அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி. என் படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். எட்டு வீடுகள் இருக்கின்றன. எடுக்கும்போது ஒன்றைக்கூட வீடாகப் பார்க்கவில்லை.

மே மாதம் நல்ல தேர்வு. கோதுமை பச்சையாக இருக்கும், நடுவில் சிவப்பு பாப்பிப் பூ. ஜூலை கடைசியில் போன நாங்கள் அறுவடை முடிந்த பழுப்பு மண்ணைத்தான் பார்த்தோம்.

---

வைகைக்கரை எழுதியது:

மொன்டேபுல்ச்சானோ போகப் போகிறவர்களுக்கு மதுரையிலிருந்து ஒரு செய்தி.

தத்துவ போதகர் என்று நாம் அறிந்த ராபர்ட் தெ நொபிலி என்ற பாதிரியாரின் குடும்பம் அந்த ஊர்க் குடும்பம். 1605இல் கோவாவில் இறங்கி, 1606இல் மதுரைக்கு வந்தவர். காவி உடுத்தி, மாமிசம் விட்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, தமிழ் உரைநடையில் நூல்கள் எழுதினார். 1656இல் மயிலாப்பூரில் இறந்தார். அவருடைய மதப்பணியைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனால் உரைநடை அவ்வளவாக இல்லாத காலத்தில் தமிழில் தத்துவ விவாதத்தை உரைநடையாக எழுதிய மனிதர், அதில் எனக்கு அவர்மேல் தீராத மரியாதை.

மொன்டேபுல்ச்சானோவின் உச்சியில் பியாட்சா கிராண்டே என்ற சதுக்கம். அதில் பேராலயத்துக்கு எதிரே நொபிலி தருஜி மாளிகை என்று ஒன்று நிற்கிறது. சுற்றுலாக் கைடுகள் அதன் கட்டடக்கலையைச் சொல்வார்கள், மதுரையைச் சொல்ல மாட்டார்கள். நீங்கள் சொல்லுங்கள்.

---

நடைவண்டி எழுதியது:

முழங்காலுக்கு: பியென்ஸா கிட்டத்தட்ட சமதளம், பயமில்லை. மொன்டேபுல்ச்சானோ அப்படியல்ல. கீழ் வாசலிலிருந்து உச்சிச் சதுக்கம் வரை ஒரே ஏற்றம். ஆனால் மேலே போகச் சின்ன நகரப் பேருந்து இருக்கிறது. கைடிடம் கேட்டு அதில் மேலே போய், மெதுவாக இறங்கி வரலாம். இறக்கம்தான் முழங்காலைப் படுத்தும், அதனால் கைத்தடி எடுத்துவரச் சொல்லுங்கள்.

ஒயின் பற்றி ஒரு எச்சரிக்கை. நாங்கள் போன சுற்றுலாவில் தோட்டத்தில் ருசி பார்ப்பது அரை மணி, பெட்டி பெட்டியாக வாங்கச் சொல்லி நிற்க வைத்தது ஒரு மணி. குடிக்காத நாங்கள் மூவர் வெயிலில் சரளைக்கல் மேல் நின்றோம். தோட்டத்தில் எவ்வளவு நேரம், குடிக்காதவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று எழுத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

---

பொலோஞ்ஞா வாசி எழுதியது:

நேரம் பற்றி ஒன்று விட்டுப்போனது. கைடு "3 மணி 10 நிமிடம்" என்றால் 3.10தான். ஐரோப்பிய விதிப்படி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும், ஒரு நாளில் பொதுவாக 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வண்டியில் இருக்கும் கருவி எல்லாவற்றையும் பதிவுசெய்யும். நீங்கள் பத்து நிமிடம் தாமதித்தால் அந்த மனிதருக்குத்தான் சிக்கல்.

---

கூழாங்கல் எழுதியது:

போய் வந்துவிட்டோம்! எல்லோருக்கும் நன்றி. வால் டோர்ச்சாதான் எடுத்தோம். 24 பேர் போகும் சிறிய பேருந்து. பீசாவுக்கு இன்னொரு நாள் ரயிலில் போனோம்.

காலை ஏழேமுக்காலுக்கு ஸ்டேஷன் பக்கத்தில் ஏறினோம். முந்தின இரவு இரண்டு மணி வரை பேசியதில் நால்வருக்கும் கண் எரிச்சல். நெடுஞ்சாலையில் நாங்கள் மூவரும் தூங்க, பொலோஞ்ஞா வாசி சொன்னதை நினைத்து மியூனிக்காரி மட்டும் விழித்திருந்து, வளைவுச் சாலை தொடங்கியதும் எங்களை உலுக்கி எழுப்பினாள். கண்ணைத் திறந்தால் இரண்டு பக்கமும் பச்சை. கோதுமை முழங்கால் உயரம். காற்று அடிக்கும்போது குன்று முழுக்க ஒரு பக்கமாகப் படுத்து, நிறம் மாறி, மறுபடி எழுந்தது. பேருந்தில் யாரும் பேசவில்லை. கைடு மைக்கை அணைத்துவிட்டார். நல்ல கைடு என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மொன்டேபுல்ச்சானோவில் முழங்கால்காரியும் நானும் சின்னப் பேருந்தில் மேலே போனோம். மற்ற இருவரும் நடந்து மூச்சு வாங்க வந்தார்கள். வைகைக்கரை ஐயா, நொபிலி மாளிகையின் தூண்களுக்குக் கீழே நின்று கைடிடம் மதுரையைப் பற்றிச் சொன்னேன். அவருக்குப் பெயர் தெரிந்திருந்தது, இந்தியாவுக்குப் போன பாதிரியார் என்பது வரை. தமிழில் எழுதினார் என்பது புதிது. தமிழ் எழுத்து எப்படி இருக்கும் என்று கேட்டார். என் கைப்பையில் இருந்த ரசீதின் பின்பக்கம் "மதுரை" என்று எழுதிக் கொடுத்தேன். அதைத் தன் அடையாள அட்டை உறைக்குள் வைத்துக்கொண்டார்.

சாப்பாடு ஒரு பண்ணை வீட்டில். வரப்போரம் அண்ணா சொன்ன மாதிரி வீடுதான், தரைத்தளம் முன்பு மாட்டுக் கொட்டில். கல்தொட்டி இன்னும் அப்படியே சுவரோடு இருக்கிறது, அதில் இப்போது துளசி மாதிரி மணக்கும் பசிலிக்கோ வளர்க்கிறார்கள். எங்களுக்கு பீச்சி வந்தது, தக்காளியும் பூண்டும் மட்டும். குடிக்காத மூவருக்கு அந்த வீட்டுக்கார அம்மாள் ஆலிவ் எண்ணெயை மூன்று சின்னக் கிண்ணங்களில் கொண்டுவந்து வைத்தார். மூன்றாவது கிண்ணம் தொண்டையில் மிளகு மாதிரி காரமாக இறங்கி, இருமல் வந்துவிட்டது. பயந்துபோய் தண்ணீர் கேட்டால், அந்த அம்மாள் முகமெல்லாம் மலர்ந்து, இருமல் வந்தால் எண்ணெய் நல்ல எண்ணெய் என்று சைகையில் காட்டினார்.

பியென்ஸா சின்ன ஊர். இங்கே பிறந்தவர் இரண்டாம் பயஸ் என்ற போப்பாண்டவராகி, 1459இல் தொடங்கி மூன்று நான்கு வருடத்துக்குள் தன் ஊரை அழகாக மாற்றிக் கட்டியிருக்கிறார். அதற்கு முன் ஊரின் பெயர் கொர்சிஞ்ஞானோ. சதுக்கத்தைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஆனால் பேராலயத்துக்குப் பின்னால் மதிலோரம் ஒரு நடைபாதை இருக்கிறது, அங்கே போய் உட்கார்ந்தோம். கீழே பள்ளத்தாக்கு, எதிரே அமியாத்தா மலை. கொடுத்த ஒன்றேகால் மணியில் முக்கால் மணி அங்கேயே போனது. பார்க்க வேண்டியதை விட்டுவிட்டோமோ என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பதினாறு வருடத்தில் எங்கள் நால்வரில் ஒருத்திக்கு நடந்த ஒரு பெரிய இழப்பை நாங்கள் தொலைபேசியில் ஒருமுறைகூட முழுதாகப் பேசியதில்லை. அந்த மதிலில் உட்கார்ந்துதான் அவளே பேசினாள். மூன்று ஊர், நான்கு ஊர் என்று ஓடியிருந்தால் அந்த முக்கால் மணி எங்களுக்குக் கிடைத்திருக்காது. பச்சைக்கிளி ஐயா, நீங்கள் சொன்னதும் நியாயம்தான், எங்களுக்கு வேண்டியிருந்தது இது.

ஒரு சிக்கலும் நடந்தது. திரும்பும்போது ஒரு குடும்பம் இருபது நிமிடம் தாமதம். ஓட்டுநர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மணிக்கட்டைப் பார்த்தபடியே வண்டியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு விதியின் அர்த்தம் புரிந்தது.

---

உப்புமூட்டை எழுதியது:

சீஸ் வாங்கினீர்களா?

---

கூழாங்கல் எழுதியது:

வாங்காமலா! பியென்ஸாவில் ஒரு கடையில், வால்நட் இலையில் சுற்றிப் பழுக்க வைத்த பெக்கொரினோ. சைவமா என்று கேட்டதும், வேறொரு தட்டிலிருந்து முள்செடிப் பூவில் உறையவைத்ததை எடுத்துச் சீவிக் கொடுத்தார் கடைக்காரர். மேலே ஒரு துளி தேன். கடிக்கும்போது ஓரத்தில் மணல் மாதிரி நறுக்கென்றது. காற்றில்லாத உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்ததால் கோவை வரை ஒன்றும் ஆகவில்லை. அம்மா ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு "உப்பு தூக்கல்" என்றார். மறுநாள் காலை பார்த்தால் பாதிதான் இருந்தது.

வைகைக்கரை ஐயா, மாளிகைப் படம் தோஹாக்காரியின் போனில் இருக்கிறது. அனுப்பியதும் இங்கே போடுகிறேன்.